வால்வுக்குச் சாக்கெட், பேட்டரிக்குப் பசை

பழைய ரேடியோ, ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபையர் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் கடைசியில் ஒரே வாக்கியத்தில்தான் வந்து நிற்பார்கள். "அந்தக் காலத்துச் சாமான், சார். இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக்." கனமான தேக்குப் பெட்டி, தடித்த இரும்பு சேஸிஸ், கையில் தூக்கினால் தோள் வலிக்கும் டிரான்ஸ்பார்மர், அதனால்தான் அறுபது வருஷம் உழைத்தது என்று ஒரு கணக்கு. நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். இப்போது அந்தக் கணக்கு தப்பு என்று நினைக்கிறேன். பழைய சாமான் நீடித்து உழைத்தது உண்மை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் சரியில்லை. காரணத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால் இன்றைய பொருளிடம் எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்காமல் விட்டுவிடுவோம்.

எனக்கு இது புரிந்தது தஞ்சாவூரில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஆறடிக்கு எட்டடி இருக்கும் ஒரு ரிப்பேர் கடையில். பெரியப்பா 1962-ல் வாங்கிய ஐந்து வால்வு ரேடியோ அது. பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் மூன்று மாசச் சம்பளம் என்று பெரியம்மா சொல்வாள், ஒவ்வொரு முறையும் அதே எரிச்சலோடு. வீட்டை விற்றபோது யாருக்கும் அது வேண்டாம். நான் எடுத்து வந்தேன். பிளக்கைச் சொருகினேன், பச்சைக் கண் மங்கலாக எரிந்தது, ஒரு உறுமல் கேட்டது, மெழுகு கருகிய வாசம் வந்தது. பிடுங்கிவிட்டேன்.

கடைக்காரருக்கு எழுபத்து நாலு வயசு. பின்பக்கத்து அட்டையைக் கழற்றி, சேஸிஸை வெளியே இழுத்து, தலைகீழாகப் போட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். மீட்டர்கூட எடுக்கவில்லை.

"தம்பி, இந்தக் கண்டென்சர்தான். தொண்ணூறு சதவீதம் இதுவாத்தான் இருக்கும்."

"எப்படிங்கய்யா பாத்ததுமே சொல்றீங்க?"

"முந்தின வால்வோட பிளேட்ல இருநூறு வோல்ட் வரைக்கும் டிசி நிக்கும். அது அடுத்த வால்வோட கிரிட்டுக்குப் போகக் கூடாது, பாட்டு மட்டும் போகணும். நடுவுல காவக்காரன் மாதிரி இது நிக்குது. பேப்பரும் மெழுகும் சுத்துனது. ஈரம் ஏறிக் கசிய ஆரம்பிச்சா அவுட்புட் வால்வு தலைகால் தெரியாம கரண்ட் இழுக்கும். விட்டா டிரான்ஸ்பார்மர் போயிடும். நல்ல நேரத்துல பிளக்கைப் பிடுங்கினீங்க."

ஆக, ரேடியோவின் சாகாவரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெட்டிக்குள் சாவு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கண்டென்சர், இரண்டு பில்டர் கண்டென்சர், மெயின் ஒயர், அறுந்துபோன டயல் கயிறு, ஒரு ரெக்டிஃபையர் வால்வு. இவ்வளவையும் மாற்றினார். மாற்றாதது நான்கு வால்வு, டிரான்ஸ்பார்மர்கள், ஸ்பீக்கர், பெட்டி. சாமான் உட்பட ஆயிரத்து நானூறு ரூபாய் வாங்கினார். மறுநாள் காலை திருச்சி வானொலி நிலையம் பேசியது.

இந்த ரேடியோ உறுதியானதா? அதை உறுதியானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வால்வு என்பது மின்விளக்குக்குச் சொந்தக்காரன். உள்ளே ஒரு கம்பி சூடேறிக்கொண்டே இருக்கிறது, கேத்தோடு தேய்ந்துகொண்டே இருக்கிறது. சில ஆயிரம் மணி நேரத்தில் வலு குறையும். அன்றைக்கு ரேடியோவை வடிவமைத்த இஞ்சினியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததால் என்ன செய்தார்கள்? வால்வை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் சொருகினார்கள். பின்பக்கத்தை நாலு ஸ்குரூவில் நிற்கும் அட்டையாக வைத்தார்கள். எந்தச் சாக்கெட்டில் எந்த வால்வு என்று அட்டையின் உட்பக்கத்தில் படம் போட்டு ஒட்டினார்கள். வீட்டுக்காரரே சந்தேகப்பட்ட வால்வைப் பிடுங்கி, துண்டில் சுற்றி, கடைக்குக் கொண்டுபோய் டெஸ்டரில் வைத்துப் பார்த்துவிட்டு வரலாம். பெரியப்பா அப்படிப் போய்வருவார் என்று கேள்வி.

வால்வின் பெயரையே பாருங்கள். பெரியப்பா ரேடியோவில் இருந்த வரிசை: ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈஇசட்80. இது ஏதோ கம்பெனி ரகசியக் குறி இல்லை. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வைத்துக்கொண்ட முறை. முதல் எழுத்து ஈ என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். எல் என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பெண்டோடு. இசட் என்றால் இரண்டு பக்கமும் வேலை செய்யும் ரெக்டிஃபையர். 8-ல் தொடங்கினால் ஒன்பது பின் உள்ள நோவல் சாக்கெட். பெயரே ஜாதகம். ஹாலந்தில் செய்த ஈஎல்84 செத்தால் நம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்ததைச் சொருகலாம். அதே வால்வை ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றைக்கும் செய்கிறார்கள், கிதார் ஆம்ப்ளிஃபையர்காரர்கள் புண்ணியத்தில்.

நீடித்த உழைப்பு நம்பகத்தன்மையிலிருந்து வரவில்லை, நம்பிக்கையின்மையிலிருந்து வந்தது என்று நான் சொல்வது இதனால்தான். இது கண்டிப்பாகச் சாகும் என்று ஒப்புக்கொண்ட வடிவமைப்பு, அந்தச் சாவுக்கு வாசல் வைத்தது.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. அதற்குத் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. சாக்கெட் தேவைப்படவில்லை, போர்டில் பற்றவைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஐசி வந்தது, அதன் பிறகு ஒரே சில்லில் முழு ரேடியோவும் வந்தது. மெட்டீரியல் என்று பார்த்தால் இன்றைய ப்ளூடூத் ஸ்பீக்கருக்குள் இருக்கும் சில்லு, பெரியப்பாவின் ஐந்து வால்வையும்விடப் பல மடங்கு நம்பகமானது. சந்தேகமே வேண்டாம். "இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக்" என்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான்.

சிக்கல் அந்த ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஒரே ஒரு உறுப்பில். லித்தியம் அயான் பேட்டரி. முந்நூறிலிருந்து ஐந்நூறு முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு வந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அது வால்வைப் போலவே சாவதற்கென்று பிறந்தது. பெரியப்பா காலத்து இஞ்சினியர் அதற்கு ஒரு மூடி வைத்திருப்பார். இன்றைக்கு அதைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். சாகாத உறுப்புகளுக்கு நடுவில் சாகிற ஒன்றை வைத்துப் பூட்டி, சாவியைத் தூர எறிந்துவிட்டார்கள்.

நானும் ஒன்று வாங்கியிருந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. மூன்றாம் வருஷம் சார்ஜர் ஒயரை எடுத்தால் அடுத்த நிமிஷம் அணைந்துவிடும். சர்வீஸ் சென்டரில் ஒரு பையன், பாவம், அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னான்: "சார், இதை ஓப்பன் பண்ண மாட்டோம். எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கலாம்." அதை எடுத்துக்கொண்டு அதே ரிப்பேர் கடைக்குப் போனேன். ஐயா ஸ்குரூவைத் தேடினார். இல்லை. ரப்பர் விளிம்பைக் கத்தியால் நெம்பினார். உள்ளே பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தது. திறக்கவே அரை மணி நேரம், திறந்தபோது மூடி விரிசல் விட்டுவிட்டது. பேட்டரிக்கு மூன்று ஒயர். அதே அளவில் வேறு பேட்டரி வாங்கி வைத்துப் பார்த்தோம், சிவப்பு விளக்கு சிமிட்டியது, ஓடவில்லை. மூன்றாவது ஒயர் என்ன கேட்கிறது என்று சொல்ல ஒரு சர்க்யூட் படம் இல்லை. சில்லின் முதுகைப் பார்த்தால் எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"பேரே இல்லாத ஆளுக்கு என்ன வைத்தியம் பாக்கறது தம்பி?" என்றார். காசு வாங்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

இதை விதிவிலக்கு என்று தள்ள முடியாது. ஆப்பிள் 2016 டிசம்பரில் விற்க ஆரம்பித்த ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் குழு, ரிப்பேர் வசதிக்குப் பத்துக்குப் பூஜ்யம் மதிப்பெண் போட்டது. சேதப்படுத்தாமல் பேட்டரியை எடுக்க வழியில்லை என்பதுதான் காரணம்.

இந்த இடத்தில் பழைய சாமான் பக்தர்களையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. நாம் பார்க்கிற பழைய ரேடியோக்கள் எல்லாம் தப்பிப் பிழைத்தவை. இரண்டாம் உலகப் போரில் ஆபிரகாம் வால்டு சொன்னதாகப் பிரபலமான விஷயம்தான்: திரும்பி வந்த விமானங்களில் குண்டு பட்ட இடத்தைப் பார்த்து முடிவெடுக்காதே, திரும்பாதவை எங்கே அடிபட்டன என்று யோசி. காயலான் கடையில் எடைக்குப் போன ரேடியோவைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

பழசிலும் பசை போட்ட வேலைகள் உண்டு. எழுபது, எண்பதுகளில் வந்த பெரிய ஹைஃபை ஸ்பீக்கர்கள் பலவற்றில் கோனைச் சுற்றிப் பாலியூரிதேன் நுரை வளையம் இருக்கும். பதினைந்து, இருபது வருஷத்தில் அது காற்றிலிருக்கும் ஈரத்துக்கே உதிர்ந்துவிடும். விரல் வைத்தால் புட்டு மாதிரி பொலபொலவென்று விழும். அதைவிட மலிவான பெரியப்பா ரேடியோவின் ஸ்பீக்கருக்குக் காகிதத்தையே மடித்து விளிம்பு செய்திருந்தார்கள். அது அப்படியே இருக்கிறது. கேசட் டெக்குகளின் பெல்ட் கருப்புப் பாகாக உருகி ஒட்டிக்கொள்ளும். கிராமபோன்களில் சில சவுண்ட்பாக்ஸ்கள் மட்டமான துத்தநாகக் கலவையில் வார்த்தவை, தானாகவே வீங்கி வெடிக்கும். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி ரேடியோக்களில் சேஸிஸே மெயின் லைனோடு நேராகச் சேர்ந்திருக்கும். குமிழ் கழன்றிருக்கும்போது ஈரக் கையோடு தொட்டவன் கதை வேறு. ஒலித்தரம் பற்றிய பெருமையையும் குறைத்துக்கொள்ளலாம். ஒற்றை ஸ்பீக்கரில் ஐந்து வால்வு ரேடியோ தருவது இனிமையான, மூக்கடைத்த சத்தம். ஐம்பது வாட் கரண்ட் வேறு சாப்பிடும்.

பழசு, புதுசு என்கிற கோட்டை எங்கே போடுவது என்பதும் யோசிக்க வேண்டியது. சிடி பிளேயர் 1982-ல் வந்தது. இன்றைய கணக்கில் அதுவும் பழைய சாமான்தான். கனமான தகரப் பெட்டி, ஸ்குரூ போட்ட மூடி, சர்வீஸ் மேனுவல் எல்லாம் உண்டு. ஆனால் லேசர் பிக்கப் தேய்ந்துபோனால், அந்த மாடல் பிக்கப் செய்வதை நிறுத்திவிட்டிருந்தால், முடிந்தது கதை. அதற்குப் பொதுவான சாக்கெட் கிடையாது, பொதுவான பெயர் கிடையாது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1972-ல், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வந்தது. பெல்ட்டே இல்லாமல் மோட்டாரின் மேலேயே தட்டு சுழலும். தேய்கிறது ஊசி மட்டும், அதைக் கார்ட்ரிட்ஜோடு கழற்றி மாற்றலாம். டிஜேக்கள் கையில் தினமும் அடிபட்டும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பெனி 2010-ல் நிறுத்திவிட்டு 2016-ல் மறுபடி செய்ய ஆரம்பித்தது. வயசு அல்ல விஷயம் என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சாகிற உறுப்பைக் கையால் எடுக்க முடிகிறதா, வேறு யாராவது அதைச் செய்து தர முடிகிறதா என்பதுதான் கேள்வி.

"தண்ணி புகாம இருக்கணும், சின்னதா இருக்கணும், அதுக்குத்தான் பசை" என்பார்கள். கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் காது கேட்கும் கருவியைப் பாருங்கள். இயர்பட் அளவுதான், காதுக்குப் பின்னாலோ உள்ளேயோ நாள் முழுக்க வியர்வையில் கிடக்கிறது. அதில் நகத்தால் திறக்கும் குட்டி மூடி வைத்து, எண்பது வயசுப் பாட்டி தானே பட்டன் பேட்டரி மாற்றும்படி பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்களே. 2024-ல் ஃபேர்ஃபோன் என்ற டச்சுக் கம்பெனி பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய இயர்பட் ஒன்றை விற்க ஆரம்பித்தது. முடியாது என்பது பொய். செய்ய அவசியமில்லை என்பதுதான் நிஜம்.

பேட்டரியை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அடுத்தது சர்வர். ஸ்பாட்டிஃபை நிறுவனம் காரில் வைத்துக்கொள்ள "கார் திங்" என்று ஒரு கருவியை அமெரிக்காவில் விற்றது. 2024 டிசம்பர் 9 அன்று எல்லாக் கருவிகளையும் வேலை செய்யாமல் நிறுத்திவிட்டது. சில்லு சாகவில்லை, திரை உடையவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு முடிவு, அவ்வளவுதான். சோனோஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. புதுசுக்குத் தள்ளுபடி வேண்டுமென்றால் பழைய ஸ்பீக்கரை "ரீசைக்கிள் மோடு" என்ற ஒன்றில் போட வேண்டும். போட்டால் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர் நிரந்தரமாக முடங்கிவிடும். ஊர் சிரித்த பிறகு 2020-ல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

நேர்மையாகச் சொன்னால் பெரியப்பா ரேடியோவும் ஒரு சர்வரை நம்பித்தான் இருக்கிறது. வானொலி நிலையம். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் கடைசியோடு சிற்றலையை நிறுத்தியது. இப்போது அந்த மீட்டரில் முள்ளை நகர்த்தினால் இரைச்சல்தான் வருகிறது. மத்திய அலையும் எத்தனை நாளோ. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஏஎம் ஒலிபரப்பு எவனுக்கும் சொந்தமில்லை. நூறு வருஷமாக அதே முறை. ஒரு நிலையம் மூடினால் இன்னொன்றைத் திருப்பலாம். எல்லா நிலையமும் மூடினாலும் பின்பக்கத்தில் ரெக்கார்ட் பிளேயருக்கென்று இரண்டு துளை விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு ஒயரைச் செருகி இப்போது என் மகள் மொபைலில் பாட்டுப் போடுகிறாள். அந்த இஞ்சினியருக்கு மொபைல் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கும் இடம் விட்டு வைத்திருந்தார்.

எனக்கு இதில் பதில் சொல்ல கஷ்டமான எதிர்வாதம் ஒன்றுதான், அது காசு. பெரியப்பாவுக்கு ரேடியோ மூன்று மாசச் சம்பளம். அதனால் ரிப்பேர் அவருக்குச் சல்லிசு. எனக்கு ஸ்பீக்கர் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதற்கு எண்ணூறு ரூபாய் ரிப்பேர் என்றால் என் மனைவியே சிரிப்பாள். எல்லோர் வீட்டிலும் பாட்டுக் கேட்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. பெரியப்பா காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் ரேடியோ, மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள், சிலரைத் திண்ணையிலும் உட்கார விடவில்லை. அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்க எனக்கு ஆசையில்லை. ஆனால் இருநூறு ரூபாய் பேட்டரி செத்ததற்காக இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் நல்ல சாமானைக் குப்பையில் போடுவது சிக்கனம் இல்லை. மலிவு விலைக்கும் பசைக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. இரண்டு ஸ்குரூவுக்கு என்ன செலவாகிவிடும்?

ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கும் பெரும்பாலான சாதனங்களில் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். நம் மத்திய அரசு 2022-ல் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டது, ஒரு இணையதளமும் திறந்தது. கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் சென்டர் விவரங்களை அதில் போடுகின்றன. சந்துக்கடை ஐயாவுக்குத் தேவை சர்வீஸ் சென்டர் விலாசம் இல்லை. சர்க்யூட் படமும், பெயர் போட்ட சில்லும், காசு கொடுத்தால் கிடைக்கும் பேட்டரியும்தான்.

போன மாசம் அந்தப் பக்கம் போனேன். கடையில் பாதி அலமாரி காலி. வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் மொபைல் டிஸ்ப்ளே மாற்றும் கடைக்குப் போய்விட்டானாம். வால்வு டெஸ்டரை யாரோ சென்னைக்காரர் காட்சிக்கு வைக்கக் கேட்டிருக்கிறார், இவர் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவு அட்டைப்பெட்டியை எடுத்தார்.

"ஈஎம்84. உங்க ரேடியோவுக்குப் பச்சைக் கண்ணு. புதுசு, பெட்டி பிரிக்காதது. பழைய ஸ்டாக்ல அடியில கெடந்துச்சு."

எவ்வளவு என்று கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்.

"செட்டைத் தீபாவளிக்குள்ள கொண்டாந்துடுங்க தம்பி. அதுக்கப்புறம் எனக்கே கண்ணு ஆபரேஷன் வச்சிருக்காங்க."